சாரல் சீசனும் போலி லாட்ஜும்

ஆனி பிறந்து சாரல் விழுந்தால் குற்றாலத்தில் ரூம் கிடைப்பதே பெரும்பாடு. அந்த அவசரத்தைத்தான் மோசடிக்காரர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். லாட்ஜ் படங்களைத் திருடிப் போலிப் பக்கம் தொடங்கி, வாட்ஸ்அப்பில் அட்வான்ஸ் வாங்கியதும் காணாமல் போகிறார்கள். சுற்றுலா முன்பதிவு மோசடி பற்றி 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையே எச்சரித்தது.

எனக்கு ஆத்திரமூட்டுவது, காணாமல் போகாமல் சிலர் எடுக்கும் அடுத்த கட்டம். பணத்தைத் திருப்பிக் கேட்டால், "ரீஃபண்ட் அனுப்புறோம், க்யூஆர் ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்பார்கள். யுபிஐயில் பணம் வாங்க பின் தேவையே இல்லை. போட்டால் நம் பணம்தான் போகும்.

தென்காசிப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் லாட்ஜை நேரில் விசாரிக்கச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் தயவுசெய்து வீட்டில் மறைக்காதீர்கள், உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் வேறு கணக்குகளுக்குச் சிதறுவதற்குள் சொன்னால் அதை முடக்க வாய்ப்பு உண்டு.