மருந்தின் பெயர்

அக்டோபர் 7, செவ்வாய்

இரவு ஒரு மணி தாண்டிவிட்டது. தாயும் பிள்ளையும் நலம். பெண் குழந்தை, மூன்று கிலோ நூறு கிராம். பிறந்ததும் வீறிட்டு அழுதது. வெளியே நின்றவர்கள் சாக்லேட் கொடுத்தார்கள். கெட்டது எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் என் கை நடுக்கம் நிற்கவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன். நாளைக்கு மனம் இதை வேறு மாதிரி சொல்லத் தொடங்கிவிடும்.

மாலை ஆறே கால். இன்றைக்கு மூன்றாவது நர்சிங் ஹோம், நான்காவது கேஸ். இரண்டாவது பிரசவம், சிசேரியன். அந்தப் பெண்ணை மேசையில் உட்காரவைத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு குனியச் சொன்னேன். முதுகைத் துடைத்துத் துணி போர்த்தி, ஊசி போக வேண்டிய இடைவெளியைத் தொட்டுப் பார்த்தாயிற்று. கையுறை போட்டபின் நான் ஆம்பியூலைத் தொடக் கூடாது. சிஸ்டர் உடைத்துச் சாய்த்துப் பிடிப்பார், நான் சிரிஞ்சில் இழுப்பேன். பத்தொன்பது வருடமாக இப்படித்தான்.

குனிந்தபடியே அந்தப் பெண் கேட்டாள். “மேடம், அந்த மருந்து பேரு என்ன? போன தடவை ஊசி போட்டு ஆறு நாளு தலையத் தூக்க முடியல. கம்பெனி பேரோட சொன்னீங்கன்னா எழுதி வச்சுக்கிடுவேன்.”

மருந்தின் பெயர் எனக்கு மனப்பாடம். கம்பெனி எதுவென்று தெரியாது. அதைச் சொல்வதற்காகத்தான் சிஸ்டரிடம் ஆம்பியூலைத் திருப்பிக் காட்டச் சொன்னேன்.

ட்ரானெக்சாமிக் ஆசிட் என்று இருந்தது.

சிரிஞ்சில் அதிலிருந்து 2 மில்லி ஏற்கெனவே ஏறியிருந்தது.

“வேற சிரிஞ்ச். வேற ஆம்பியூல்” என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. மாஸ்க்குக்கு மேல் சிஸ்டரின் கண்கள் மட்டும் தெரிந்தன. புதிய ஆம்பியூலில் இருந்ததை இரண்டு முறை படித்தேன். பூபிவக்கெய்ன் ஹெவி. பெயரையும் கம்பெனியையும் அவளுக்குச் சொன்னேன். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி அவளும் திருப்பிச் சொன்னாள்.

அக்டோபர் 8

மூன்று கேஸ். பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் சத்தம் வீடு வரைக்கும் கூடவே வந்தது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையக் குறைய அந்தச் சத்தத்தின் சுருதி தணிந்துகொண்டே வரும். நாங்கள் கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு காதால் உயிரைக் காப்பது அதனால்தான். அந்தக் கருவி 1974-இல் ஜப்பானில் டகுவோ அவோயாகி கண்டுபிடித்துக் கொடுத்த வரம். ஆனால் ஆம்பியூலைப் படித்துச் சொல்ல ஒரு கருவியும் இல்லை.

அக்டோபர் 10

அன்று சிரிஞ்சில் ஏறியது நல்ல மருந்து, அதுதான் நெஞ்சை அறுக்கிறது. பிரசவத்துக்குப் பின் ரத்தம் கொட்டும்போது மூன்று மணி நேரத்துக்குள் ட்ரானெக்சாமிக் ஆசிடை நரம்பில் ஏற்றினால் தாயின் உயிரைக் காக்கும். இருபதாயிரம் பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. அதன்பின் இந்த மருந்து இல்லாத பிரசவத் தியேட்டரைப் பார்ப்பது அரிது. அதே மருந்து தண்டுவட நீரில் போய்விட்டால் இடுப்பிலும் காலிலும் தாங்க முடியாத வலி, உடம்பு தூக்கிப் போடுதல், வலிப்பு, இதயத் துடிப்பு தாறுமாறாதல் என்று வரிசையாக வரும். அப்படி நேர்ந்ததாகப் பதிவானவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டது. மயக்க மருந்துகளோடு சேர்த்து இதை வைக்காதீர்கள், தனியே வையுங்கள் என்றது.

அந்த எச்சரிக்கையை நான் படித்திருக்கிறேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவைத்ததே நான்தான்.

மதியம் நர்சிங் ஹோம் உரிமையாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பார்மஸியில் கம்பெனி மாற்றியிருக்கிறார்கள். இரண்டு ஆம்பியூலும் இப்போது ஏறக்குறைய ஒரே உயரம், லேபிளும் ஒரே மாதிரி. தட்டைப் பிரித்து வையுங்கள் என்றேன். “நல்லவேளை சொன்னீங்க மேடம், நான் பாத்துக்கறேன்” என்றார். மனசு லேசாகிவிட்டது. நான்கு நாளில் முதல்முறையாக நன்றாகச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

சிஸ்டரை நிறுத்திவிட்டார்கள்.

கயத்தாறு பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர். அன்று காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்து மாலை வரை மாற்றுக்கு ஆள் இல்லாமல் நின்றவர். தட்டை அடுக்கியது அவர் என்றால், படிக்காமல் இழுத்தது நான். என்னை யாரும் நிறுத்தவில்லை. நாளை மறுநாள் கேஸ் இருக்கிறது, வந்துவிடுங்கள் என்று அங்கிருந்தே போன் வருகிறது.

இதே அக்டோபர் 13. 1947-இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் ஒரே நாளில் வூலி, ரோ என்ற இரண்டு பேருக்கு முதுகில் ஊசி போட்டார்கள். இருவருக்கும் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. ஆம்பியூல்களை ஃபீனாலில் மூழ்கவைத்துச் சுத்தம் செய்வார்கள், கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே அது உள்ளே கசிந்திருக்கும் என்று வழக்கில் முடிவானது. கருவிகளைக் கொதிக்கவைத்த பாத்திரத்தில் தங்கிய அமிலம்தான் காரணமாக இருக்கும் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். 1954-இல் மேல்முறையீட்டிலும் டாக்டர் மீது குற்றமில்லை என்றே தீர்ப்பு. அப்படியொரு ஆபத்து இருப்பது 1947-இல் யாருக்கும் தெரியாது என்பதே காரணம். படிக்கிற காலத்தில் அந்தத் தீர்ப்பு எனக்கு ஆறுதலாக இருந்தது. இன்று எடுத்துப் படித்தபோது அப்படி இல்லை. எனக்குத் தெரிந்திருந்ததே.

சிஸ்டர் போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 14

அந்தப் பெண் தையல் பிரிக்க வந்திருந்தாள். வேறொரு நோயாளியைப் பார்க்க நான் போயிருந்தபோது வராந்தாவில் பிடித்துக்கொண்டாள். “தலவலியே வரல மேடம்!” முகமெல்லாம் சிரிப்பு. முதுகில் ஊசி போட்டதால்தான் காலத்துக்கும் முதுகுவலி என்று எங்களைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம். தேடிவந்து நல்ல வார்த்தை சொல்கிறவர்கள் குறைவு. 1898-இல் ஆகஸ்ட் பியர் தண்டுவட ஊசியைத் தன் உடம்பிலேயே போடச் சொல்லிப் பார்த்தார், அவரும் பல நாள் இதே தலைவலியோடு படுத்துக் கிடந்தார் என்று சொன்னேன். துளை வழியே தண்டுவட நீர் கசிவதால் வருவது அது. இப்போது ஊசி மெலிந்துவிட்டதால் குறைந்திருக்கிறது. கவனமாகக் கேட்டாள். கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் காட்டினாள். மருந்தின் பெயர், கம்பெனி, தேதி, எல்லாம் தமிழில். பூபிவக்கெய்னுக்கு அவள் போட்டிருந்த எழுத்துகள் ஒன்றுகூடத் தப்பில்லை.

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. அவள் மாமியார் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டார்.

அக்டோபர் 16

மயக்க மருத்துவ தினம். 1846-இல் இதே நாளில் பாஸ்டனில் மார்டன் ஈதர் கொடுத்துக் காட்டினார். நம் தொழிலின் பிறந்தநாள். வருடாவருடம் போல ஹோட்டலில் கூட்டம், பத்து நிமிடம் நான் பேச வேண்டும். மார்டனில் தொடங்கினேன். மூன்றாவது நிமிடத்தில் அக்டோபர் 7-க்கு வந்துவிட்டேன், எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. கை கழுவுமிடத்தில், என்னைவிடப் பத்து வயது இளைய டாக்டர் ஒருவர், குழாயை மூடாமலே, தன் சிரிஞ்சில் ஒருமுறை ஏறிய மருந்தின் பெயரை மட்டும் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. போய்விட்டார்.

அக்டோபர் 19

நாளை தீபாவளி. தீக்காயம் வரும், கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அக்டோபர் 23

சிஸ்டரே கூப்பிட்டார். வேறொரு கிளினிக்கில் சேர்ந்துவிட்டாராம், சம்பளம் குறைவாம். மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. “அங்க இப்ப ரெண்டு தட்டா வச்சுட்டாங்களா மேடம்?” என்றார்.

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பதினைந்தாம் தேதி அங்கே போயிருக்கிறேன், என் ஆம்பியூலை மட்டும் பார்த்துப் படித்துவிட்டு வந்திருக்கிறேன்.

அக்டோபர் 24

கேஸ் இல்லாவிட்டாலும் போய்ப் பார்த்தேன். ஒரே தட்டு. பூபிவக்கெய்னும் ட்ரானெக்சாமிக்கும் பக்கத்தில் பக்கத்தில். புதிதாக வந்திருக்கும் சிஸ்டருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். என்ன நடந்தது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். ட்ரானெக்சாமிக் ஆம்பியூல்களை நானே அள்ளி, எதிர்ச்சுவர் அலமாரியில் வேறு டப்பாவில் வைத்து, தமிழில் பெரிதாக எழுதி ஒட்டினேன்: ‘நரம்புக்கு மட்டும். முதுகுக்கு அல்ல.’ உரிமையாளரிடம் போய், இந்த டப்பா இடம் மாறினால் இங்கே இனி ஊசி போட மாட்டேன் என்றேன். சிஸ்டரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றும் சொன்னேன். முதலாவதற்குத் தலையாட்டினார்.

அக்டோபர் 29

இன்று நான்கு சிசேரியன், மூன்று ஊர். நான்கு பேருக்கும் ஆம்பியூலில் உள்ள பெயரை அவர்கள் காதில் விழும்படி படித்தேன். சிஸ்டரும் படித்தார். ஒரு பெண் மட்டும் “எதுக்கு மேடம் எங்கிட்ட சொல்றீங்க?” என்று கேட்டாள்.

நோட்டில் எழுதி வைத்திருப்பவளிடம் இன்னும் சொல்லவில்லை.