29 பூட்டு, ஒரு கைப்பிடி!

படகில் மலை இறங்கியிருக்கிறீர்களா? நான் இறங்கினேன். இங்கிலாந்து, டிவைசஸ் ஊருக்குப் பக்கத்தில் கேன் ஹில். 2 மைல் கால்வாயில் 29 'லாக்'. 237 அடி இறக்கம்!

லாக் என்றால் முன்னும் பின்னும் கதவு வைத்த தொட்டி. படகை உள்ளே விட்டு மதகைத் திறந்தால் தண்ணீர் வடியும். படகும் லிஃப்ட் மாதிரி இறங்கும். இரண்டு படகு கொள்ளும் என்பதால் முன்பின் தெரியாதவர்கள் ஜோடி சேர்ந்துவிடுவார்கள். தண்ணீரும் மிச்சம், முதுகும் மிச்சம்!

ஏழாவது லாக். சுக்கான் என் கையில். கண்ணோ வாத்து மேலே! மேல்கதவை ஒட்டித் தண்ணீருக்குள் ஒரு கல்திட்டு உண்டு. படகின் வால் அதில் உட்கார்ந்தால், மூக்கு முங்கிப் படகே காலி.

"முன்னாடி போங்க!" - ஜோடிப் படகுப் பெரியவர் கத்திக்கொண்டே ஓடி மதகை மூடினார். நடுங்கியபடி நன்றி சொன்னேன்.

"அடுத்தது உங்க முறை" என்று மதகுக் கைப்பிடியை என்னிடம் திணித்தார்.

இன்னும் 22 பாக்கி!