தவளையில் மாட்டிக்கொண்ட ரயில்!

ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி ஜங்ஷனுக்கு ரயிலில் போயிருக்கிறீர்களா? காவிரிப் பாலம், டவுன் ஸ்டேஷன், பொன்மலை எல்லாம் தாண்டி ஜங்ஷன் நெருங்கும்போது வண்டி மெதுவாகிவிடும். திடீரென்று 'கடகட'வென்று சத்தம் மாறி, பெட்டி இடமும் வலமும் ஆடினால், ஒரு லைனிலிருந்து பக்கத்து லைனுக்கு மாறுகிறோம் என்று அர்த்தம். அந்தக் குறுக்குத் தண்டவாளத்துக்குப் பெயர் கிராஸ் ஓவர்.

அறிவியல் கண்காட்சிக்காக நாங்கள் நாலு பேர் செய்த மாடல் ரயிலிலும் ஒரு கிராஸ் ஓவர் உண்டு. சரியாக அந்த இடத்தில்தான் எங்கள் எஞ்சின் தினமும் நின்றது. விரலால் ஒரு தள்ளு தள்ளினால் மறுபடி ஓடும். "கண்காட்சி அன்னைக்கும் பக்கத்துல நின்னு தள்ளிக்கிட்டே இருப்பீங்களா?" என்று பிசிக்ஸ் சார் கேட்டார். கிராஸ் ஓவரையே எடுத்துவிட்டு வட்டமாகப் போட்டுவிடலாம் என்றுகூடப் பேச்சு வந்தது. வட்டமாகப் போட்டால் அது ஸ்டேஷனா, பொருட்காட்சி ராட்டினமா?

ஏன் நிற்கிறது? நிஜ மின்சார எஞ்சின் தலைக்கு மேலே போகும் கம்பியிலிருந்து 25,000 வோல்ட் எடுக்கிறது. மாடல் எஞ்சினுக்கு 12 வோல்ட் போதும், ஆனால் அது தண்டவாளத்திலிருந்தே சக்கரம் வழியாக வரவேண்டும். ஒரு தண்டவாளம் பிளஸ், இன்னொன்று மைனஸ். லைன் பிரியும் இடத்தில், ஒரு வழியின் இடது தண்டவாளமும் மற்ற வழியின் வலது தண்டவாளமும் ஒரே முனையில் சேரும். இங்கிலீஷில் இந்த முனைக்கு 'ஃப்ராக்' என்று பெயர், தவளையேதான்! (நம் ஊர் ரயில்வேயில் 'கிராசிங்' என்பார்கள்.) பிளஸ்ஸும் மைனஸும் அங்கே ஒட்டினால் ஷார்ட் ஆகிவிடும். அதனால் தவளையின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் துண்டு வைத்து, ஒயரே இல்லாமல் விட்டிருந்தார்கள். நீள எஞ்சின் சமாளித்துவிடும். எங்களுடையது நாலே சக்கரம் உள்ள ஷன்டிங் எஞ்சின். ஒரு ஜோடி தவளைமேல் இருக்கும்போது மற்ற ஜோடியில் கொஞ்சம் தூசி இருந்தாலும் போச்சு. கிராஸ் ஓவரில் தவளை ஒன்றல்ல, இரண்டு!

"ஸ்பீடா விட்டா தாண்டிடும்" என்றான் எங்கள் குழுவில் ஒருவன். தாண்டியது. என் தாத்தா பொன்மலை ஒர்க் ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். (1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்த ஒர்க் ஷாப் அது.) பார்த்துவிட்டு, "ஏம்மா, கிராசிங் மேல இந்த வேகத்துல விட்டா நிஜ வண்டி தடம் புரண்டுடும்மா" என்றார். உண்மைதான். லைன் மாறும் இடத்தில் நம் ரயில்களுக்குப் பொதுவாக 15 அல்லது 30 கி.மீ. வேகம்தான். நண்பன் விடவில்லை. "மின்சார ரயிலும் நியூட்ரல் செக்ஷன்ல கரண்ட் இல்லாம வந்த வேகத்துலதானே போகுது தாத்தா?" என்றான். நல்ல கேள்விதான். ஆனால் நியூட்ரல் செக்ஷனை, வண்டி வேகமாக வரக்கூடிய இடமாகப் பார்த்துத்தான் வைக்கிறார்கள். ஸ்டேஷனில் ஊர்ந்து லைன் மாறும் இடத்துக்கு அது ஒத்துவராது.

கடைசியில் கைகொடுத்தது ரிலே. வீட்டில் ஸ்டெபிலைசர் 'டக்' 'டக்' என்று சத்தம் போடுமே, அந்தப் பொருள்! பழைய ஸ்டெபிலைசரைப் பிரித்து 12 வோல்ட் ரிலே இரண்டு எடுத்தோம். உள்ளே ஒரு காயில். கரண்ட் கொடுத்தால் காந்தமாகி ஒரு நாக்கை இழுக்கும். நாக்கு சும்மா இருந்தால் ஒரு முனையைத் தொடும், இழுபட்டால் எதிர் முனையை. நாக்கை தவளையோடும், இரண்டு முனைகளை இரண்டு தண்டவாளங்களோடும் இணைத்தோம். நேராகப் போகும்போது தவளைக்கு ஒரு தண்டவாளத்தின் கரண்ட் வேண்டும், பிரிந்து போகும்போது மற்றதன் கரண்ட். பாயிண்ட்டைத் திருப்பும் அதே ஸ்விட்ச்சில் இரண்டு காயிலையும் சேர்த்துவிட்டதால், பாயிண்ட் மாறும்போதே இரண்டு தவளையும் மாறும். வண்டியை ரிவர்ஸ் எடுத்தாலும் குழப்பமில்லை. ரிலேக்கு பிளஸ், மைனஸ் பற்றிக் கவலையில்லை, எந்தத் தண்டவாளம் என்பதை மட்டும்தான் அது பார்க்கிறது.

செய்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காயிலுக்குத் தனி சப்ளை கொடுங்கள். தண்டவாளத்திலிருந்தே எடுத்தால், வண்டியை மெதுவாக்க வோல்டேஜைக் குறைக்கும்போது ரிலேயும் விட்டுவிடும். காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடும் போடுங்கள்.

நிஜ ரயில்வேயில் ரிலேக்கு இன்னும் பெரிய வேலை. அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் 1872-இல் காப்புரிமை வாங்கிய முறை அது. தண்டவாளத்தில் ஓடும் சிறு மின்சாரம் ரிலேயைப் பிடித்துக்கொண்டிருக்கும். ரயில் வந்தால் சக்கரங்கள் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். ஒயர் அறுந்தாலும் சிவப்புதான். எங்கள் ஷார்ட் சர்க்யூட் அங்கே உயிர் காக்கிறது!

இப்போது எங்கள் எஞ்சின் எறும்பு மாதிரி ஊர்ந்தே லைன் மாறுகிறது. தாத்தா வாட்சைப் பார்த்துக்கொண்டே நாலு தடவை ஓட்டச் சொன்னார். மாடல் பிசிக்ஸ் லேபில் இருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாருங்கள். ஸ்விட்ச்சை நீங்களே போடலாம், எஞ்சினை மட்டும் தொடாதீர்கள்.

- 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி