நாற்பத்தைந்து பாகை

சங்க மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று நண்பர்கள் கேட்டபோது, பௌதிகம் படிப்பவன் ஆகையால் அணுவைப் பற்றியோ அண்டத்தைப் பற்றியோ எழுதுவான் என்று அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். நான் எழுதப் புகுந்திருப்பதோ ஒரு ரம்பத்தைப் பற்றி! ‘ரம்பம் போடுகிறான்’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், நண்பர்களே. இந்த ரம்பம் எனக்குச் சோறு போட்டது; கல்லூரிக் கட்டணம் கட்டியது; ஒரு பாடமும் கற்பித்தது.

என் தந்தையார் நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்தவர். தாராவியில், தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், படங்களுக்குச் சட்டம் போடும் சிறு பட்டறையில் வேலை செய்கிறார். தோல் பதனிட வந்த தமிழரும், பானை வனைய வந்த குஜராத்திக் குயவரும் குடியேறி உழைத்த மண் தாராவி. அங்கே மரத்திலும் பலர் உழைக்கின்றனர். மாதுங்காவின் பூசை அறைகளில் புன்னகை புரியும் முருகனுக்கும், செம்பூர் வீடுகளின் கூடத்தில் மாலையுடன் தொங்கும் பாட்டனாருக்கும் சட்டம் போட்டவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

பட்டறையில் நால்வர் வேலை செய்கின்றனர். கூலி நாளுக்கு அன்று, சட்டத்துக்கு இவ்வளவு என்று. சென்ற வைகாசியில், மழைக்கு முன்னர், பட்டறையை அடுத்த சந்துக்கு மாற்றினார்கள். தூக்கிச் சென்றதில் மைட்டர் ரம்பம் அளவு பிசகிவிட்டது. மைட்டர் ரம்பத்தைத் தமிழில் சாய்வெட்டு ரம்பம் எனலாம். மரத்தை மேடையில் கிடத்தி, வட்ட வாளை வேண்டிய கோணத்துக்குத் திருப்பி, கைப்பிடியைப் பிடித்துக் கீழே இறக்கி அறுக்கும் மின்கருவி அது. கோடை விடுமுறையில் வீட்டில் இருந்த என்னிடம் அப்பா சொன்னார்: “எலே, நீ அளவெல்லாம் படிச்சவன்லா. வந்து பாத்துக் குடு.”

பெருமிதத்தோடு போனேன். கோண அளவில் முள்ளை 45-இல் நிறுத்தினேன். எட்டு வெட்டு வெட்டினேன். நான்கு துண்டுகளையும் சேர்த்தேன். மூன்று மூலைகள் பொருந்தின. நான்காவது மூலை பல் விழுந்த வாய் போலத் திறந்து நின்றது! அப்பா சிரித்தார். “முள்ளு சொல்றத நம்பாதல. சட்டம் சொல்றத நம்பு” என்றார்.

கணக்கிட்டுப் பார்த்தேன். வெட்டு ஒவ்வொன்றும் 45 பாகைக்குப் பதில் 44½ பாகை. அரைப் பாகைதானே என்று தோன்றும். ஒரு சட்டத்துக்கு எட்டு வெட்டுகள். பிழைகள் கூடிக் கடைசி மூலையில் 4 பாகையாக நிற்கின்றன. சிறு பிழை ஒளிந்து ஒளிந்து வந்து இறுதியில்தான் முகம் காட்டுகிறது.

பிறகு அப்பாவே கற்றுத் தந்தார். முதலில் மின்செருகியைப் பிடுங்கிவிட வேண்டும். பொத்தானை அணைத்தால் மட்டும் போதாது. கருவியை ஆடாத மேசையில் மரைகொண்டு இறுக்க வேண்டும். நீண்ட மரத்தின் இரு முனைகளுக்கும் மேடையின் உயரத்திலேயே தாங்கல் வேண்டும். தாங்கல் இல்லையேல் மரம் தொய்ந்து வாளைக் கவ்வும், வாள் மரத்தை உதைத்துத் தள்ளும். வாளில் உள்ள அம்புக்குறியும் கவசத்தில் உள்ள அம்புக்குறியும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். வாளைப் பிடிக்கும் மரை பெரும்பாலான கருவிகளில் இடப்புரி; வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். சுழற்சியால் தானே கழன்றுவிடாதிருக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

அடுத்தது மூலைமட்டம். அதை வாளின் உடலோடு ஒட்டி வைக்க வேண்டும். பல்லின் மேல் வைத்தால் அளவு பொய்யாகும். மரம் சாய்ந்து நிற்கும் பின்தடுப்புக்கும் வாளுக்கும் செங்கோணம், மேடைக்கும் வாளுக்கும் செங்கோணம் என்று இரண்டையும் சரிபார்க்க வேண்டும். பின் ஒரு பலகையை நேராக வெட்டி, ஒரு பாதியைப் புரட்டி, இரண்டையும் பின்தடுப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பிழை இருந்தால் இருமடங்காகத் தெரியும். அது சரியான பின்னரே முள்ளைத் திருத்த வேண்டும். சோதனைச்சாலையில் கருவியின் சுழிப்பிழையை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். அதே நெறியை என் தந்தையார் எந்தப் புத்தகமும் படியாமல் கடைப்பிடித்து வந்திருக்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இவ்வளவும் பார்த்த என் கண்ணுக்கு ஒன்று தப்பவில்லை. வாளை மூடிக்கொண்டிருக்க வேண்டிய கீழ்க்கவசத்தை மேலே தூக்கி ஒரு கம்பியால் கட்டியிருந்தார்கள். வாள் இறங்கும்போது தானே விலகி, ஏறும்போது தானே மூடிக்கொள்வதற்காக அமைந்த கவசம் அது. “இது ஏன் இப்படி?” என்றேன். அப்பா பதில் சொல்லவில்லை.

அன்று பிற்பகல் ஒரு வெட்டை முடித்ததும், வாள் நிற்குமுன்னரே அவசரப்பட்டுக் கைப்பிடியை உயர்த்தினேன். அறுபட்ட சிறு துண்டொன்று என் காதோரம் பறந்து பின்சுவரில் மோதியது. பக்கத்தில் நின்ற பீகார் இளைஞன் என் கையைப் பற்றி இழுத்தான். இந்தியில் மெல்லச் சொன்னான்: “பார்த்துச் செய்யுங்கள், அண்ணா. உங்கள் அப்பாவின் விரலும் இந்த வாளில்தானே போயிற்று!”

நான் அப்படியே நின்றுவிட்டேன். அப்பாவின் இடக்கைச் சுட்டுவிரலுக்கு நுனி இல்லை. நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிக்கொண்டிருந்த நாளில் கட்டுப் போட்ட கையுடன் வந்தார். கடையின் ஷட்டரில் நசுங்கிவிட்டது என்றார். நம்பினேன், மறுநாள் தேர்வுக்குப் போனேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன்.

இரவு வீட்டில் கேட்டேன். நெடுநேரம் கழித்துச் சொன்னார். கம்பி கட்டியது முதலாளி அல்லர், அப்பாவேதான். மரப்பிசினும் தூளும் ஒட்டிக் கவசம் சிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு வெட்டுக்கும் கையால் தள்ளிவிட வேண்டியிருந்தது. “ஒரு நாளைக்கு நாலு சட்டம் கொறஞ்சா மாசத்துக்கு எவ்வளவுன்னு நீதான கணக்குப் படிச்சவன், போட்டுப் பாரு. ஒனக்குப் பணம் கட்ட வேண்டிய மாசம்ல அது” என்றார். விரல் போன பிறகும் கம்பி அவிழவில்லை; கவசத்தைத் துடைக்கச் செலவாகும் நேரத்துக்குக் கூலி தருவார் இல்லை.

நான் வேறு கணக்கும் போட்டேன். வாளின் விட்டம் 255 மில்லிமீட்டர்; நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 சுற்று. அப்படியானால் பல்லின் வேகம் மணிக்கு 240 கிலோமீட்டர். நம் மின்ரயிலின் வேகத்தைப் போல இருமடங்குக்கு மேல். அபாயத்தைக் கண்டு கையை இழுத்துக்கொள்ள மனிதனுக்கு ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். 60 பல் உடைய வாளில் அதற்குள் ஆயிரம் பற்கள் கடந்துவிடும்! ‘நான் கவனமாக இருப்பேன்’ என்பவனுக்கு இந்தக் கணக்கே விடை. கவனம் நொடியில் தவறும்; கவசம் தவறாது.

மறுநாள் காலை, மற்றவர் வருமுன் நானும் அப்பாவும் பட்டறைக்குப் போனோம். செருகியைப் பிடுங்கினேன். கம்பியை அவிழ்த்தேன். பழைய பல்துலக்கியாலும் சோப்பு நீராலும் கவசத்தின் கீல்களைத் தேய்த்து, உலரத் துடைத்தேன். பத்தே நிமிடம்! கவசம் தானே ஏறியது, தானே இறங்கியது. அன்று மாலை எண்ணிப் பார்த்தோம். சட்டம் ஒன்றுகூடக் குறையவில்லை.

இப்போது அங்கே சில வழக்கங்கள் வந்துள்ளன. மரத்தைப் பிடிக்கும் கை வாளிலிருந்து அரை அடிக்கு அப்பால் இருக்க வேண்டும். கைகளைக் குறுக்கே போடக் கூடாது. துண்டு சிறிதானால் கையால் பிடியாமல் இறுக்கியால் பிடிக்க வேண்டும். வாள் முழுவேகம் பெற்ற பின்னரே இறக்க வேண்டும். வெட்டியபின் விசையை விட்டு, வாள் நின்ற பிறகே உயர்த்த வேண்டும். கையுறை கூடாது, வாள் அதைக் கவ்விக் கையையும் இழுக்கும். தோளில் கிடக்கும் துண்டும் கூடாது. இதற்குத்தான் அப்பா பெரிதும் வருந்தினார்! கண்ணாடியும் முகமூடியும் அணிய வேண்டும். 1995-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என வகைப்படுத்தியது.

சட்டம் செய்பவரைக் காக்கச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இயந்திரத்தின் அபாயமான பகுதிகளுக்குக் காப்பு வேண்டுமென்று 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் கூறியது. ஆயின் மின்விசை உள்ள இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் பொதுவாக அது தொழிற்சாலை. 2020-இன் தொகுப்புச் சட்டம் அந்தப் பத்தை இருபது ஆக்கிற்று. அப்பாவின் பட்டறையில் இருப்பவர் நால்வர். அந்த நால்வருக்கும் கவசமே சட்டம்.

தோழர்களே! நம்மில் பலர் இத்தகைய சந்துகளிலிருந்து இப்பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்கள். வீட்டில் உள்ளோர் எங்கே வேலை செய்கின்றனர் என்று கேட்டால் சொல்லத் தெரியும். எப்படி வேலை செய்கின்றனர் என்று கேட்டால்? எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அங்கே போய் நில்லுங்கள். எங்காவது ஒரு கம்பி கட்டியிருக்கும். அதை அவிழ்க்கப் பட்டம் வேண்டியதில்லை. பத்து நிமிடம் போதும்.

நான் செய்த அந்தக் கோணல் சட்டத்தை அப்பா எறியவில்லை. என் படிப்பு மேசைக்கு மேல் மாட்டிவைத்திருக்கிறார். நான்காவது மூலை இன்னும் திறந்தே இருக்கிறது. ஆணியிலிருந்து அதைத் தாங்கி நிற்பது எந்தக் கம்பி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.