அந்தரத்தில் அரை மணி

போன மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் ஆபீஸ் பெண்கள் ஏழு பேர் ஹெலிகாப்டர் ஓட்டினோம். பதறாதீர்கள், கட்டடத்தை விட்டு வெளியே வரவில்லை!

பெங்களூரில் 'ஹாட்ஸாஃப்' என்று ஒரு பயிற்சி நிலையம். ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸும் கனடாவின் சி.ஏ.இ. கம்பெனியும் சேர்ந்து அமைத்தது. ஹெலிகாப்டர் விமானிகள் 2010-லிருந்து இங்கே 'சிமுலேட்டரில்' பழகி வருகிறார்கள். நாங்களோ ஹெலிகாப்டர் உதிரி பாகங்களுக்குக் கணக்கு எழுதுகிறவர்கள். பில்லில் மட்டுமே பார்த்த சாமானை நேரிலும் பார்க்கட்டுமே என்று எங்கள் அதிகாரி அனுமதி வாங்கித் தந்தார்.

எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. என் பெண் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். கடற்படையில் சேர்ந்து ஹெலிகாப்டர் ஓட்டவேண்டுமாம். 2024 ஜூனில் அரக்கோணம் ராஜாளி தளத்தில், கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியாகத் தேறிய அனாமிகா ராஜீவின் படத்தை மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள். "அப்பாகிட்ட நீதாம்மா சொல்லணும்" என்கிறாள். ஒரு மாதமாக நான் வாயைத் திறக்கவில்லை.

ஆறு கால்கள்மேல் நிற்கிறது ஒரு பெரிய கூண்டு. உள்ளே நிஜ ஹெலிகாப்டரின் முன்பகுதி. அதைக் கழற்றிவிட்டு வேறு ரகத்தினுடையதை மாட்டிக்கொள்ளலாமாம். (நம் மிக்ஸி ஜார் மாதிரி என்று ஸ்டோர்ஸ் மாமி முணுமுணுத்தாள்.)

இடது கையில் ஏற்ற இறக்கத்துக்கு ஒரு நெம்புகோல். வலது கையில் முன்னே, பின்னே, பக்கவாட்டில் போக ஒரு தடி. மூக்கைத் திருப்பக் காலடியில் இரண்டு மிதிகள். ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டையும் சரிசெய்ய வேண்டும். முன்னால் போவதுகூடப் பரவாயில்லை. அந்தரத்தில் அப்படியே நிற்பதுதான் பெரும்பாடு! நான் நாலு தடவை தரையில் மோதினேன்.

"கெட்டியாப் பிடிக்காதீங்கம்மா. கைக்குழந்தையோட விரலைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க" என்றார் பயிற்சியாளர். ஐந்தாவது தடவை பத்து விநாடி நின்றது.

அதற்குள் டைப்பிஸ்ட் பெண்ணுக்குக் குமட்டல். கண் ஆடுவதாகச் சொல்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கு அந்த அளவு ஆட்டம் எட்டுவதில்லை. இந்த முரண்பாட்டினால் வருவதாம் இது. திரையைப் பார்க்காமல் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து உட்கார்ந்ததும் அடங்கியது.

கடைசியில், நான் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டேன். "நடுவானத்துல இன்ஜின் நின்னுட்டா?"

"பார்த்துடுவோமே" என்று இரண்டு இன்ஜினையும் நிறுத்திவிட்டார்! வயிற்றைப் புரட்டியது. நெம்புகோலைச் சட்டென்று இறக்கினார். கீழிருந்து எதிர்த்து வரும் காற்றே விசிறியைச் சுழற்றியது. தரை நெருங்கியதும் முன்புறத்தைச் சற்று நிமிர்த்தி, நெம்புகோலை உயர்த்தினார். லேசாகக் குலுங்கி உட்கார்ந்தது.

எங்கள் ஊர்க் குன்றில் தணக்கு மரம் உண்டு. இரட்டைச் சிறகு முளைத்த அதன் காய், காற்றில் சுழன்று சுழன்று மெதுவாக இறங்கும். சின்ன வயதில் அண்ணாந்து பார்த்தபடி கையேந்தி ஓடியிருக்கிறேன்.

"எப்பவும் இப்படித் தப்பிச்சுடலாமா?"

"உயரமும் வேகமும் போதாட்டி முடியாதும்மா. அதுக்குத்தான் இவ்வளவு பயிற்சி."

மழுப்பாமல் சொன்னாரே, அது எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டு வாசலிலேயே பெண் பிடித்துக்கொண்டாள். "எத்தனை தடவைம்மா விழுந்தே?"

"நாலு."

அவள் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். அன்று ராத்திரி அவருக்கு மோர் சாதம் பரிமாறும்போது, "உங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்று ஆரம்பித்தேன்.