கையெழுத்தில் முளைத்த படிக்கட்டு

வங்கித் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் நந்தனம் பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் உட்கார இடம் கிடைக்காது. அண்ணா சாலையைச் சுற்றி இத்தனை கல்லூரிகள் இருக்கும்போது கிடைத்தால்தான் ஆச்சரியம். பி.காம். முடித்த கையோடு ஐ.பி.பி.எஸ். விண்ணப்பம் போட வந்த ஒருவர், திரையில் தன் கையெழுத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "என்னண்ணா, என் கையெழுத்து படிக்கட்டு மாதிரி இருக்கு?"

"அதெல்லாம் ஏத்துக்கும்பா. சைஸ் கரெக்டா இருக்குல்ல?"

சைஸ் கரெக்டாகத்தான் இருக்கிறது. சிஸ்டமும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் தேர்வு அறையிலும் அதற்குப் பிறகும் போடுகிற கையெழுத்து, விண்ணப்பத்தில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும் என்பது விதி. ஒத்துப்போகாவிட்டால் தகுதி இழப்புவரை போகலாம். அங்கே ஒத்துப் பார்க்கப் போவது ஒரு மனிதக் கண். அந்தக் கண்ணுக்கு முன்னால் ஒடிந்து நொறுங்கிய கோடுகளை வைப்பானேன்? இரண்டு வருடம் ராப்பகலாகப் படித்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சரி, படிக்கட்டு எங்கிருந்து வருகிறது?

ஸ்கூலில் வாங்கின கிராஃப் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் குறுக்காக ஒரு சாய்கோடு போட வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை: கட்டத்தை முழுசாகக் கருப்படிக்கலாம், இல்லையென்றால் காலியாக விடலாம், பாதி வேலை கூடாது. என்ன ஆகும்? நேர்க்கோடும் படுக்கைக்கோடும் அழகாக வரும். சாய்கோடு மட்டும் ஏணிப்படி ஆகிவிடும். இப்போது நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்துங்கள். கோடு கட்டத்தின் கால்வாசியைத் தொட்டால் பென்சிலால் லேசாக, முக்கால்வாசியைத் தொட்டால் அழுத்தமாகத் தேய்க்கலாம். நோட்டைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்தால் படி மறைந்து கோடு வழவழவென்று தெரியும். இவ்வளவுதான் சங்கதி. பெரிய பெரிய புத்தகங்களில் 'ஆன்டி அலியாசிங்' என்று பயமுறுத்துவது இந்தச் சாம்பல் பென்சிலைத்தான்.

கையெழுத்துக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம் (காமர்ஸ் மாணவர்கள் கணக்கு என்றதும் ஓட வேண்டாம், டேலி ஆகிவிடும்). ஐ.பி.பி.எஸ். விரும்பும் அளவு 140க்கு 60 பிக்சல். 6 செ.மீ. நீளக் கையெழுத்தை 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் சுமார் 700 பிக்சல் வரும். அதை 140 ஆக்கினால் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது 5க்கு 5 என்று 25 புள்ளிகள் இருந்த இடத்தில் ஒரே ஒரு புள்ளி. 'நியரஸ்ட் நெய்பர்' என்கிற சோம்பேறி முறை, அந்த 25-இல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு 24-ஐக் குப்பையில் போடுகிறது. அரை மில்லிமீட்டர் பேனாக் கோடு ஸ்கேனில் 6 பிக்சல் தடிமன். சுருங்கினால் 1.2 இருக்க வேண்டும். ஆனால் சோம்பேறிக்கு 1.2 என்று ஒன்று தெரியாது. ஓரிடத்தில் 1, அடுத்த இடத்தில் 2. கோடு புடைத்துப் புடைத்துப் போகும். பேனா இன்னும் மெல்லியது என்றால் சில இடங்களில் கோடே காணாமல் போய்விடும். தமிழில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்குப் பாதிப்பு கூடுதல். ழ, ண, ஞ என்று எங்கே பார்த்தாலும் வளைவுதானே? வளைவு என்பது குட்டிக் குட்டிச் சாய்கோடுகளின் ஊர்வலம்.

இருபத்தைந்தையும் கூட்டிச் சராசரி எடுக்கிற முறைகள் இருக்கின்றன. போட்டோஷாப்பில் சுருக்குவதற்கு 'பைகியூபிக் ஷார்ப்பர்', பெரிதாக்குவதற்கு 'பைகியூபிக் ஸ்மூதர்' என்று இரண்டு உண்டு. காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்கு இர்ஃபான்வியூ போதும். 1996-இல் இர்ஃபான் ஸ்கில்ஜான் என்ற போஸ்னியாக்காரர் வெளியிட்டது, சொந்த உபயோகத்துக்கு இலவசம். அதன் ரீசைஸ் பெட்டியில் 'ரீசைஸ்', 'ரீசாம்பிள்' என்று இரண்டு வழி இருக்கும். முதலாவது வேகம், தரம் குறைவு. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, ஃபில்டரில் 'லான்சோஸ்' வையுங்கள். லான்சோஸ் ஹங்கேரியில் பிறந்த கணித மேதை, ஐன்ஸ்டீனுக்கு உதவியாளராக இருந்தவர். நந்தனத்தில் ஒருவர் கையெழுத்தைச் சுருக்க அவர் வந்து உதவுவார் என்று யார் கண்டது! :-)

இத்தனையும் செய்த பிறகும் படிக்கட்டு போகவில்லை என்று சிலர் தலையில் கை வைப்பார்கள். பெரும்பாலும் காரணம் ஸ்கேனரில் இருக்கிறது. 'பிளாக் அண்ட் ஒயிட்' என்று ஸ்கேன் செய்தால் அந்தக் கோப்பில் கருப்பு, வெள்ளை இரண்டே நிறம். சாம்பல் பென்சிலே பெட்டியில் இல்லை! ஜிஃப் கோப்பிலும் இதே கதைதான், 256 நிறத்துக்கு மேல் கிடையாது. இந்த மாதிரிக் கோப்பில் என்ன முறையைச் சொன்னாலும் போட்டோஷாப் போன்ற சில மென்பொருள்கள் பேசாமல் சோம்பேறி முறைக்கே திரும்பிவிடும். முதலில் மோடை கிரேஸ்கேல் அல்லது ஆர்.ஜி.பி.க்கு மாற்றிவிட்டுத்தான் சுருக்க வேண்டும். ஸ்கேன் செய்யும்போதே கிரேஸ்கேல் வைத்துவிட்டால் இன்னும் உத்தமம்.

அடுத்த கூத்து கே.பி. கணக்கு. கையெழுத்துக் கோப்பு 10 கே.பி.க்குக் குறையக் கூடாது, 20-ஐத் தாண்டக் கூடாது. 140க்கு 60 என்றால் மொத்தமே 8,400 பிக்சல். சாதாரண ஜேபெக் தரத்தில் சேமித்தால் 10 கே.பி. வருவதே கஷ்டம். உடனே என்ன செய்கிறார்கள்? சுருக்கிய அதே படத்தை மறுபடி பிடித்து இழுத்துப் பெரிதாக்குகிறார்கள். எறிந்த 24 புள்ளிகள் திரும்பி வருமா? வராது. இருக்கிற படிக்கட்டுதான் பெரிய படிக்கட்டு ஆகும். ஜேபெக் தரத்தை 100 வரை ஏற்றிப் பார்க்கலாம். போதவில்லை என்றால் ஒரிஜினல் ஸ்கேனுக்கே திரும்பிப் போய் 280க்கு 120 என்று கொஞ்சம் குறைவாகச் சுருக்கலாம். 140க்கு 60 என்பது விரும்பத்தக்க அளவுதான், விகிதம் மாறாமல் இருந்தால் சரி. எதைச் செய்தாலும் ஒரிஜினலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

பெருவிரல் ரேகையையும் கேட்கிறார்கள்: 240க்கு 240 பிக்சல், 200 டி.பி.ஐ. கையெழுத்தைவிட இதில்தான் கவனம் வேண்டும். ரேகைக்கும் ரேகைக்கும் இடைவெளி சுமார் அரை மில்லிமீட்டர். 200 டி.பி.ஐ.யில் அது 4 பிக்சல். இதை இன்னும் பாதியாகச் சுருக்கினால் ஒரு ரேகைக்கு 2 பிக்சல். ஷானன் 1949-இல் எழுதிய மாதிரிக் கோட்பாட்டின்படி அது விளிம்பு. அதற்குக் கீழே போனால் கோடு படிக்கட்டாவதோடு நிற்காது, இல்லாத கோடுகள் முளைக்கும். டி.வி.யில் செய்தி வாசிப்பவரின் பொடிக்கட்டம் போட்ட சட்டை நெளிநெளியாக மினுங்குமே, அதே மாயம். கையெழுத்து அசிங்கமாக இருந்தால் மன்னித்துவிடுவார்கள், ஆனால் வேறு யாரோ ஒருவர் ரேகையை அனுப்பி வைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் ரேகையைச் சுருக்கவே வேண்டாம். 3 செ.மீ.க்கு 3 செ.மீ. இடத்தை 200 டி.பி.ஐ.யில் நேரடியாக ஸ்கேன் செய்தாலே கிட்டத்தட்ட 240 வந்து நிற்கும்.

கடைசியாகத் திரையில் சரிபார்க்கும்போது ஜூம் 100 சதவீதத்தில் இருக்கட்டும். 400-இல் வைத்தால் எவ்வளவு நல்ல படமும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். கடைக்கார அண்ணனைத் திட்டத் தோன்றும், பாவம்.