பாலியில் யார் விருந்தாளி?

2023 டிசம்பர் மாதக் கடைசி. பாலித் தீவின் ஙூரா ராய் விமான நிலையத்துக்குப் போகும் சாலையில் வாகனங்கள் நகரவே இல்லை. விமானத்தைத் தவறவிடுவோமோ என்ற பயத்தில் சுற்றுப்பயணிகள் காரிலிருந்து இறங்கி, பெட்டிகளை இழுத்துக்கொண்டு டோல் சாலையில் நடந்தே போனார்கள். அந்தக் காணொளிகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். நமக்கு அது ஒரு நாள் வேடிக்கை. அந்தத் தீவிலேயே வீடெடுத்துத் தங்கியிருக்கும் வெளிநாட்டவருக்கோ, தினமும் படும் அவதியின் கொஞ்சம் பெரிய வடிவம்.

சுற்றுலா நெரிசல் என்றதும் நாம் இரண்டு தரப்பைப் பற்றித்தான் பேசுகிறோம்: வந்து போகும் பயணிகள், அங்கேயே பிறந்து வளர்ந்த உள்ளூர் மக்கள். இடையில் மூன்றாவது தரப்பு ஒன்று இருக்கிறது. ஓய்வுபெற்ற பிறகு கடற்கரையோரம் வீடு எடுத்தவர்கள், மடிக்கணினியோடு வந்து ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டவர்கள், கஃபே நடத்துபவர்கள், உள்ளூரில் மணம் முடித்தவர்கள். தங்களை 'எக்ஸ்பாட்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். கூட்டத்தைப் பற்றி மிகச் சத்தமாகக் குறை சொல்பவர்களும் அவர்கள்தான். அந்தக் குறையில் எவ்வளவு நியாயம் இருக்கிறது? கடந்த முறை பாலிக்குப் போனபோது நான் பலரிடம் கேட்ட கேள்வி இதுதான்.

நெகிரி செம்பிலானைவிடச் சிறிய தீவு

முதலில் கணக்கைப் பார்ப்போம். பரப்பளவில் பாலி நம் நெகிரி செம்பிலானைவிடச் சிறியது. மக்கள்தொகை ஏறத்தாழ 4.4 மில்லியன். 2024-இல் அங்கே வந்திறங்கிய வெளிநாட்டுப் பயணிகள் மட்டும் 6.3 மில்லியன் பேர். ஜாவாவிலிருந்தும் மற்ற தீவுகளிலிருந்தும் வரும் உள்நாட்டுப் பயணிகள் தனிக்கணக்கு. இவ்வளவு பேரும் தீவு முழுக்கப் பரவுவதில்லை. கூத்தா, செமின்யாக், சாங்கு, உலுவாத்து, உபுட் என்று தெற்கிலும் நடுவிலுமாகச் சில ஊர்களில்தான் குவிகிறார்கள். இரயில் கிடையாது. எல்லாரும் மோட்டாரையும் காரையும்தான் நம்பியிருக்கிறார்கள்.

சாங்குவில் 'குறுக்குவழி' என்றே பெயர் பெற்றுவிட்ட ஒரு சாலை இருக்கிறது. வயல் நடுவே போகும் ஒற்றைத் தடம். எதிரும் புதிருமாக இரண்டு கார்கள் வந்துவிட்டால் யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும். அப்படிப் போகையில் சக்கரம் நழுவி வயலுக்குள் கவிழும் கார்கள் சமூக ஊடகங்களில் நகைச்சுவையாகவே ஆகிவிட்டன. உழவர்கள் நடக்கப் போட்ட வழி அது. சுமை மட்டும் கூடிப்போனது.

சானூரில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கும் ஓர் ஆஸ்திரேலிய அம்மையார், ஓய்வுபெற்ற ஆசிரியை, தன் வாழ்க்கை எப்படிச் சுருங்கியது என்று சொன்னார். முன்பெல்லாம் நினைத்தால் உபுட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாராம். இப்போது மாதக்கணக்கில் சானூரைத் தாண்டுவதில்லை. மருத்துவரைப் பார்க்க, விசா புதுப்பிக்க என்று வெளியே கிளம்பினால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடுகிறது. "தீவில் வாழ வந்தேன், ஒரு தெருவில் வாழ்கிறேன்" என்றார்.

சத்தம் இன்னொரு தொல்லை. 2022-இல் சாங்குவின் மதுக்கூடங்களும் கடற்கரைக் கேளிக்கை விடுதிகளும் விடிய விடியப் போடும் இசைக்கு எதிராக ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். அது நியாயமான மனு. ஆனால் 2023-இல் ஜிம்பாரானில் இன்னொரு புகார் எழுந்தது. பக்கத்து வீட்டுச் சேவல்கள் கூவுவதால் தூங்க முடியவில்லை என்று வெளிநாட்டவர் சிலர் முறையிட்டார்கள். பாலி மக்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு அடியில் கோபமும் இருந்தது.

முன்னால் ஓடுபவரும் பின்னால் வரும் கூட்டமும்

பாலியை 'கண்டுபிடித்து' அங்கேயே தங்கிவிடும் வெளிநாட்டவர் இன்று நேற்று வந்தவர்கள் அல்லர். ஜெர்மானிய ஓவியர் வால்டர் ஸ்பீஸ் 1927-இல் உபுட்டில் குடியேறினார். பெல்ஜிய ஓவியர் லெ மேயர் 1932-இல் வந்து, சானூர் கடற்கரையில் வீடு கட்டி, நி போல்லோக் என்ற நடனமணியை மணந்தார். அந்த வீடு இன்று அருங்காட்சியகம். இவர்கள் வரைந்த படங்களும், இவர்களது வீட்டுக்கு வந்து போன எழுத்தாளர்களின் நூல்களும்தான் 'கடைசிச் சொர்க்கம்' என்ற பெயரை உலகெங்கும் பரப்பின. அமைதி தேடி வந்தவர்களே விளம்பரமும் ஆனார்கள்.

1971-இல் பிரெஞ்சு ஆலோசகர்கள் பாலிக்கு ஒரு சுற்றுலாத் திட்டம் வகுத்தார்கள். பெரிய விடுதிகளையெல்லாம் தெற்கு முனையில், நூசா டுவாவில் அடைத்துவிட்டால் தீவின் வாழ்க்கைமுறை கெடாது என்பது கணக்கு. நூசா டுவா உருவானது. ஆனால் வேலி நிற்கவில்லை. அதே எழுபதுகளில் அலைச்சறுக்கு வீரர்களும் ஹிப்பிகளும் கூத்தாவில் குவிந்தார்கள். கூத்தா நெரிசலானதும் வசதியுள்ளவர்கள் வடக்கே செமின்யாக்குக்கு நகர்ந்தார்கள். பிறகு சாங்கு. இப்போது பெரெரெனான், செசே, அதையும் தாண்டி தபானான் வயல்வெளிகள்.

ஒவ்வொரு நகர்விலும் கதை ஒன்றுதான். அமைதி தேடி நான்கு பேர் போகிறார்கள். அவர்களுக்குக் கோப்பி வேண்டும், இணையம் வேண்டும், யோகா வேண்டும். ஒருவர் கஃபே திறக்கிறார். இன்னொருவர் இரண்டு வில்லா கட்டி, தான் இல்லாத நாள்களில் வாடகைக்கு விடுகிறார். வந்து தங்கியவர்கள் படம் போடுகிறார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் அந்த ஊரும் நெரிசலாகிறது. முதலில் வந்தவர்கள் 'ஊர் கெட்டுப்போச்சு' என்று சொல்லிவிட்டு அடுத்த கிராமத்துக்குக் கிளம்புகிறார்கள். கூட்டம் அவர்களைத் துரத்துகிறது என்பது அவர்கள் தரப்பு. கூட்டத்துக்கு வழி காட்டிக்கொண்டே போகிறார்கள் என்பது எனக்குப் பட்டது.

51 பேர்

பாலியின் கதையில் என்னை அதிகம் யோசிக்க வைத்த எண் 51. பெருந்தொற்றின்போது, 2021-ஆம் ஆண்டு முழுவதிலும் பாலிக்கு நேரடியாக வந்ததாக அரசாங்கக் கணக்கில் பதிவான வெளிநாட்டுப் பயணிகள் அவ்வளவுதான். 2019-இல் அது 6.2 மில்லியனுக்கும் மேல்.

அந்தக் காலத்தில் தீவை விட்டுப் போகாமல் தங்கியிருந்த வெளிநாட்டவர் பலர், அதைத் தங்கள் வாழ்க்கையின் பொற்காலமாக நினைவுகூர்கிறார்கள். காலி சாலைகள், காலிக் கடற்கரை, பாதி வாடகை. எனக்கு வண்டி ஓட்டிய தம்பிக்கு அதே காலம் வேறுவிதமாக நினைவிருக்கிறது. மலாய் மொழி தெரிந்ததால் அவரோடு நேரடியாகவே பேச முடிந்தது. நம் மலாய்க்கும் இந்தோனேசிய மொழிக்கும் இடையே அங்கங்கே தடுக்கினாலும் விஷயம் புரிந்துவிடும். வாங்கிய காரைத் திருப்பிக் கொடுத்தாராம். மனைவியின் நகையை விற்றாராம். கிராமத்துக்குப் போய் அப்பாவின் வயலில் இறங்கினாராம். அவர் ஒருவர் கதை மட்டுமல்ல. 2020-இல் பாலியின் பொருளாதாரம் 9 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது. நூசா லெம்போங்கானில் சுற்றுலாவுக்காகக் கைவிட்ட கடற்பாசி வளர்ப்புக்கு மக்கள் திரும்பினார்கள்.

ஒரே தீவு, ஒரே கடற்கரை. ஒருவருக்குச் சொர்க்கமாக இருந்த ஆண்டு, அடுத்த வீட்டுக்காரருக்கு அடுப்பெரியாத ஆண்டு. கூட்டம் வேண்டாம் என்று சொல்ல முடிவது, கூட்டத்தை நம்பிப் பிழைக்காதவருக்கு மட்டுமே கிடைக்கும் வசதி.

நிலம் யாருடையது?

வெளிநாட்டவர் இந்தோனேசியாவில் நிலத்தை முழு உரிமையோடு வாங்க முடியாது. பெரும்பாலோர் 25, 30 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கிறார்கள். பணத்தை முன்கூட்டியே மொத்தமாகக் கொடுத்துவிடுவது வழக்கம். உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கி வைப்போரும் உண்டு. சட்டத்தில் அதற்குப் பாதுகாப்பில்லை. ஆக, இருபது ஆண்டு இருந்தாலும் குத்தகையும் விசாவும் தேதி பார்த்து முடியும். 2025 ஜூலையில் உலுவாத்துப் பக்கம் பிங்கின் கடற்கரையில், அனுமதியில்லாமல் அரசு நிலத்தில் கட்டியவை என்று சொல்லி, 40-க்கும் மேற்பட்ட கட்டடங்களை இடிக்கத் தொடங்கினார்கள். பல ஆண்டுகளாக நடந்த விடுதிகளும் உணவகங்களும் அதில் அடங்கும்.

நிலத்தைக் கொடுத்தவர் கதை இன்னொன்று. பாலியின் நெல் வயல்கள் தனித்தனித் துண்டுகள் அல்ல. 'சூபாக்' என்ற கூட்டுப் பாசன முறையில், நீர்க் கோயிலை மையமாக வைத்து, மேல் வயலும் கீழ் வயலும் பேசி நீரைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 2012-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுடைமையாக அறிவித்தது. நடுவில் ஒரு வயல் வில்லாவானால் வாய்க்கால் தடைபடுகிறது. கீழே இருப்பவரும் விற்க வேண்டியதாகிறது. அக்கம்பக்கத்தில் நிலத்தின் விலை ஏற ஏற, வயலுக்குக் கட்டும் வரியும் ஏறுகிறது. 2025 செப்டம்பர் வெள்ளத்தில் டென்பசார் உள்ளிட்ட பகுதிகள் மூழ்கி, பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, விளைநிலம் கட்டடமாக மாறியதைப் பற்றிய பேச்சு மீண்டும் சூடு பிடித்தது.

சாவுக்கு வருபவர்

பாலியில் குடியிருப்பது என்றால் என்ன என்பதற்கு உள்ளூரில் தெளிவான பதில் இருக்கிறது. அதன் பெயர் 'பஞ்சார்'. ஒவ்வொரு குடும்பமும் தன் வட்டாரத்துப் பஞ்சாரில் உறுப்பினர். கோயில் திருவிழாவா, தகனமா, மரத்தில் குடைந்த 'குல்குல்' முரசு ஒலித்தால் போய் நிற்க வேண்டும். பந்தல் போடணும், சமைக்கணும், பிணம் தூக்கணும். வராவிட்டால் அபராதம் உண்டு. விடுதியில் வேலை செய்பவர் ஆண்டு விடுப்பில் பெரும்பகுதியை இதற்கே செலவழிக்கிறார்.

ஓட்டுநர் தம்பியிடம் கேட்டேன்: சாங்குவில் பத்து வருடமாக இருக்கிறவர்களை நீங்கள் ஊர்க்காரர்களாக நினைப்பீர்களா? யோசித்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, எங்க தெருவுல ஒருத்தர் செத்தா அவங்களுக்குத் தெரியவே தெரியாது. சாலையை ஏன் மறிச்சிருக்காங்கன்னு கேப்பாங்க." சானூர் அம்மையாரைப் பற்றிச் சொன்னதும் கேட்ட முதல் கேள்வி, "சாவுக்கு வருவாங்களா?" வருவார். பக்கத்து வீட்டுப் பாட்டியின் தகனத்துக்குச் சேலைபோல் காயின் கட்டி, காலையிலிருந்து நின்றிருக்கிறார். "அப்படின்னா சரி" என்றார் தம்பி.

வெளிநாட்டவர் எல்லாரும் ஒதுங்கியே இருப்பதில்லை. பாலியில் வளர்ந்த பிரெஞ்சு உடன்பிறப்புகளான கேரி, கெலி, சாம் பென்ஷகிப் மூவரும் 2020-இல் 'சுங்கை வாட்ச்' என்ற அமைப்பைத் தொடங்கி, ஆறுகளில் தடுப்பு கட்டி, கடலுக்குப் போகும் நெகிழியை அள்ளுகிறார்கள். குப்பையைப் பற்றிக் குறை சொல்பவருக்கும், ஆற்றில் இறங்கி அள்ளுபவருக்கும் விசா ஒன்றாக இருக்கலாம். ஊர் பார்க்கும் பார்வை ஒன்றல்ல.

இந்த இடத்தில் நம் கதையும் நினைவுக்கு வராமல் இல்லை. மேற்கிலிருந்து வந்து தங்குபவருக்கு 'எக்ஸ்பாட்' என்று கௌரவமான பெயர். கப்பலேறி மலாயாவுக்கு வந்த நம் முன்னோருக்கு உலகம் வைத்த பெயர் கூலி. ஆனால் தோட்டத்தில் கோயில் கட்டி, பள்ளிக்கூடத்துக்குப் பிடியரிசியும் காசும் கொடுத்து, அடுத்த லயத்துச் சாவுக்குத் தோள் கொடுத்து, அவர்கள் இந்த மண்ணின் மக்களானார்கள். ஒப்பந்தக் காகிதம் அதைச் செய்யவில்லை.

இன்று நம் பிள்ளைகளுக்கும் அந்த வாய்ப்பு வாசலில் நிற்கிறது. தொலைவிலிருந்து வேலை செய்பவர்கள் ஓராண்டு தங்க இந்தோனேசியா விசா தருகிறது. கிள்ளானைச் சேர்ந்த நம் பையன் ஒருவரைச் சாங்குவில் சந்தித்தேன், கணினி நிரலாளர். நம் ரிங்கிட்டுக்கு அங்கே வசதியாக வாழலாம், அடுத்து பெரெரெனானில் வீடு பார்க்கிறேன் என்றார். அங்கே வயல் இன்னும் மிச்சமிருக்கிறதாம். வீட்டுக்காரர் எந்தப் பஞ்சார் என்று கேட்டேன். விசாரிக்கிறேன் என்றார்.

வார இறுதிக்குப் போய் வரும் நாம் எந்தப் பஞ்சாரிலும் சேர முடியாது. நம்மிடம் எதிர்பார்ப்பதும் குறைவுதான். 2024 பிப்ரவரி முதல் வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருவரும் 150,000 ரூப்பியா கட்ட வேண்டும், அதைக் கட்டலாம். நடைபாதையில் வைத்திருக்கும் பூப்படையலை மிதிக்காமல் ஒதுங்கலாம். ஊர்வலத்துக்காகச் சாலையை மறித்தால் ஹாரன் அடிக்காமல் காத்திருக்கலாம். யாருடைய வீட்டுச் சாவோ, திருவிழாவோ. அது போய் முடியட்டும்.